பன்னிரண்டு சொல்லும் ஒரு எஃகுத் தகடும்
2022 ஏப்ரல் வெள்ளத்தில் தென்னாப்பிரிக்கா டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் அலமாரிக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. கிரிப்டோ வாலட்டின் (டிஜிட்டல் காசுக்கான பணப்பை) 12 மீட்புச் சொற்களை, அதாவது போன் தொலைந்தாலும் காசைத் திரும்பப் பெற உதவும் சொற்களை, எழுதிய தாளில் மை கரைந்து ஏழுதான் தேறின. நல்லவேளை, வாலட் இருந்த போன் பிழைத்தது. புது வாலட் திறந்து காசை மாற்றிவிட்டேன்.

இப்போது துருப்பிடிக்காத எஃகுத் தகடுதான். எழுத்து அச்சும் சுத்தியலும் வைத்து, வரிசை எண்ணோடு ஒவ்வொரு சொல்லிலும் முதல் நாலு எழுத்தை அடித்தேன். இந்த மீட்புச் சொற்கள் வரும் பிப்-39 (BIP-39) என்ற பொதுப் பட்டியலின் 2048 ஆங்கிலச் சொற்களும் அந்த நாலு எழுத்திலேயே வேறுபட்டுவிடும், அது போதும். பெருந்தொகை போடுமுன் வாலட்டை அழித்து, தகட்டைப் பார்த்தே மீட்டுப் பாருங்கள்.

போட்டோ, வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம். பாதிப் பாதியாகப் பிரிப்பதும் எனக்குப் பிடிக்காது. ஒன்று தொலைந்தால் அவ்வளவுதான். இரண்டாவது முழுத் தகடு டர்பனிலேயே பீனிக்ஸில் அக்கா வீட்டில், ஒட்டிய உறைக்குள். எந்த மூலையில் என்று சொல்லமாட்டேன்.