பிளாக்கின் போக்கில் பைத்தான் எழுதுதல்

2018-இல் வெளிவந்த பிளாக், பைத்தான் நிரலைச் சீராக அடுக்கித் தரும் கருவி. எப்படி அடுக்குவது என்று அது நம்மை அதிகம் கேட்பதில்லை. வரிக்கு 88 எழுத்து, சரங்களுக்கு இரட்டை மேற்கோள் குறி என்று தானே முடிவு செய்துவிடுகிறது. பைத்தானில் வழக்கமான 79 எழுத்து வரம்புக்குப் பழகியவர்கள் உடனே அமைப்புக் கோப்பைத் திறந்து எண்ணை மாற்றப் பார்ப்பார்கள். மாற்ற முடியும்தான்; எனினும் இரண்டு வாரமாவது அப்படியே எழுதிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

பழைய திட்டத்தில் சேர்ப்பதாயின், நிலுவையிலுள்ள கிளைகளை (தனித்தனியே நடந்துவரும் திருத்தங்களை) முதலில் இணைத்துவிட்டு, எல்லாக் கோப்புகளையும் ஒரே முறையில் பிளாக்கிடம் கொடுத்து, அந்த மாற்றத்தை மட்டும் தனி கமிட்டாக, அதாவது தனி மாற்றப் பதிவாக, பதிய வேண்டும். வேறு எந்தத் திருத்தமும் அதில் கலக்கக் கூடாது. நிரலின் பொருள் மாறவில்லை என்பதைத் தொடரியல் மரங்களை (நிரலின் இலக்கண அமைப்பைக் காட்டும் வடிவங்களை) ஒப்பிட்டு பிளாக்கே சரிபார்ப்பதால், அந்தப் பெரிய கமிட்டை வரிவரியாகப் படிக்காமல் சோதனைகளை ஓட்டிப் பார்த்தால் போதும். பிறகு அதன் எண்ணை ஒரு கோப்பில் குறித்து, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் எனக் காட்டும் பிளேம் கட்டளை அதைத் தாண்டிச் செல்லும்படி அமையுங்கள்; கிட் 2.23 முதல் இவ்வசதி உண்டு. இல்லையேல், பிளாக்கை ஓட்டிய அப்பாவியின் பெயரே பெரும்பாலான வரிகளுக்கு எதிரே நிற்கும்.

பிளாக் நமக்குச் செவிசாய்க்கும் இடமும் ஒன்று உண்டு. பட்டியலிலோ செயற்கூற்றின் அளபுருக்களிலோ கடைசி உறுப்புக்குப் பின் காற்புள்ளி இட்டால், ஒரே வரியில் அடங்குவதாயினும் ஒவ்வோர் உறுப்பையும் தனி வரியில் வைக்கும்; காற்புள்ளியை நீக்கினால், இடம் இருக்குமானால் ஒன்றாகச் சேர்த்துவிடும். நீண்ட கோவை (expression) ஒன்று கோணலாக மடிந்தால், பிளாக்கை நொந்துகொள்வதைவிட, அதன் ஒரு பகுதியைப் பெயருள்ள மாறியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் கோணல் நம் கோவையில்தான் இருக்கும். கையால் வரிசைப்படுத்திய எண் அணிகளுக்கு மட்டும், குறிப்புரை இட்டு பிளாக்கை அங்கே நிறுத்தி வைப்பது நியாயம்.

இறக்குமதி (import) வரிகளை வரிசைப்படுத்தும் ஐசார்ட் கருவியைப் பயன்படுத்துவோர் அதிலுள்ள பிளாக் அமைப்பைத் தேர்ந்துகொள்ளலாம். நடைப் பிழைகளைச் சுட்டும் ஃபிளேக்8-இல் வரி நீளத்தை 88 ஆக்கி, முக்காற்புள்ளி போன்ற குறிகளுக்கு முன் இடைவெளி கூடாது எனும் இ203 விதியை அணைத்துவிட வேண்டும்.

பிளாக்கின் பதிப்பெண்ணைக் குழு முழுவதற்கும் ஒன்றாக நிலைநிறுத்துவது அவசியம், ஏனெனில் அதன் நிலையான நடை ஆண்டுதோறும் ஜனவரிப் பதிப்பில் மாறக்கூடும். அவ்வாறு பதிப்பை உயர்த்தும் நாளில் வரும் மாற்றங்களையும் தனி கமிட்டாகப் பதிந்து, அதன் எண்ணை முன்னர் சொன்ன கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.