பக்கத்து மனையில் ஐந்து மாடி: டேப் பிடித்து அளந்த கதை

நங்கநல்லூரில் எங்கள் பக்கத்து வீட்டை இடித்துவிட்டு, ஸ்டில்ட்டுக்கு (தூண்கள் மட்டும் நிற்கும் பார்க்கிங் தளம்) மேல் ஐந்து மாடி கட்டத் தொடங்கினார்கள். 'இந்தச் சின்னத் தெருவில் இவ்வளவு உயரமா?' என்று முதலில் எனக்குக் கோபம். வீண் கோபம்தான். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயரமான கட்டடம்; இது அதற்குள்தான்.

உறுத்தியது வேறு. தூண் கம்பிகள் எங்கள் காம்பவுண்டு சுவரை ஒட்டி நின்றன. மேஸ்திரியைக் கேட்டால், "பிளான்படிதான் சார்" என்றார். பிளான் இன்ஜினியரிடம் இருக்கிறதாம்!

சரி என்று 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அனுமதி வரைபடம் கேட்டேன். பூமி பூஜை அன்றே கேட்டிருக்க வேண்டும். பதில் தர சட்டம் தரும் 30 நாள் கெடுவுக்குள் கட்டுகிறவர்கள் தூண்களுக்கு கான்கிரீட் போட்டு, அடுத்த கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையும் அடித்துவிட்டார்கள்.

வரைபடத்தில் எங்கள் பக்கம் செட்பேக், அதாவது சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, 1.5 மீட்டர். சுவரிலிருந்து தூண் முகம் வரை டேப் பிடித்தால் 92 சென்டிமீட்டர். எண் தெளிவாகத் தெரியும்படி ஒவ்வொரு தூணையும் போட்டோ எடுத்தேன். 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளை (அனுமதி மீறிய கட்டுமானத்தை அகற்றச் சொல்லவும் நிறுத்தவும் அதிகாரம் தருபவை) குறிப்பிட்டு, வரைபட நகலோடு புகார் கொடுத்தேன். வெளிச்சம், காற்று என்ற புலம்பலை எழுதவில்லை, அளவு மட்டும்தான்.

அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தார்கள், வேலை நின்றது. வரைபடத்தை மீறினால் பணி நிறைவுச் சான்றிதழ் வராது, அது இல்லாமல் மின் இணைப்பு கிடைக்காது என்ற பயம் பில்டருக்கு. அந்த வரிசைத் தூண்களை உடைத்து உள்ளே தள்ளிப் போட்டார். அப்புறம் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.