கொட்டிலில் சலித்த குதிரைக்குப் பழைய கேன்

எங்கள் மார்வாரி இனப் பெட்டைக்குதிரை கொட்டிலில் நின்றால் மரச்சட்டத்தைக் கடித்துக்கொண்டே இருக்கும். வெளியே விட்டால் ஒரு குதிரை நாளில் 16 மணி நேரம் வரைகூட மேயும். இரண்டு வேளைத் தீவனத்தைச் சட்டென்று தின்று முடித்துவிட்டு மிச்ச நேரம் அது என்னதான் செய்யும், பாவம்!

5 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றை நன்றாகக் கழுவினேன். மூடியைக் கழற்றி எறிந்தேன், விழுங்கினால் ஆபத்து. பெல்லட் தீவனத்தைவிட (அழுத்திச் செய்த சிறு உருளைத் துண்டுகள்) சற்றுப் பெரிய ஓட்டைகள் போட்டு, உதடு கிழியாதபடி ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தேன். உள்ளே ஒரு கை பெல்லட். மூக்கால் உருட்ட உருட்டத் தீவனம் கொஞ்சங்கொஞ்சமாக விழுகிறது. அப்புறம் உலர்புல்லை மெல்ல மெல்லத் தின்னும்படி இரட்டை வலைப்பையில் போட்டு, குளம்பு சிக்காத உயரத்தில் கட்டினேன். எனக்கு இதுதான் அந்தக் கேன் பொம்மையைவிட முக்கியம், வயிறு காலியாகக் கிடக்காது.

சட்டம் கடிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. கேன் விரிசல் விட்டால் அன்றே மாற்றிவிடுகிறேன்.