முடக்குவாதக் கைகளுக்கு

முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உள்ள கையைத் தெரபிஸ்டிடம் காட்டினால் மெழுகு ஒத்தடம்தான் முக்கியம் என்று பலர் நினைக்கிறார்கள். அது இதமாக இருக்கும், அவ்வளவுதான். மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருந்தால் அதுவும் வேண்டாம், குளிர் ஒத்தடமே மேல்.

தெரபிஸ்டுகள் அதிகம் கவனிப்பது நாம் கையைப் பயன்படுத்தும் விதத்தை. இந்த நோயில் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கும். துணியை முறுக்கிப் பிழிவது, பாத்திரத்தை விரல் நுனியால் தூக்குவது எல்லாம் அந்தச் சாய்வைக் கூட்டலாம். ஈரத்துணியைக் குழாயில் சுற்றி, உள்ளங்கையால் அழுத்திப் பிழியலாம். பாத்திரத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்துங்கள். கரண்டிக் காம்பில் ஸ்பாஞ்ச் சுற்றித் தடிமனாக்கினால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

வலி அதிகமான நாட்களில், இரவில் மணிக்கட்டைத் தாங்க ஸ்பிளின்ட் என்ற தாங்கு பட்டையைத் தருவார்கள். அதற்காகப் பகல் முழுக்க மாட்டிக்கொண்டே இருந்தால் கை விறைத்துப்போகும்.

அப்புறம் பயிற்சி. பிரிட்டனில் 490 பேரிடம் நடந்த ‘சாரா’ ஆய்வு 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருந்தோடு விரல்களை நீட்டி மடக்கும் பயிற்சியும் வலுவூட்டும் பயிற்சியும் செய்தவர்களின் கைச்செயல்பாடு ஓராண்டு கழித்தும் கூடுதலாக முன்னேறியிருந்தது. பயிற்சிக்குப் பின் இரண்டு மணி நேரமாகியும் வலி அடங்கவில்லையா? மறுநாள் அளவைக் குறையுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.