மெத்திலேஷன் டெஸ்டுக்குக் கை நீட்டும் முன்

எங்கள் அக்காவுக்குப் பாவாடை நாடாதான் முதலில் காட்டிக்கொடுத்தது. சாப்பாடு பாதியாகக் குறைந்த பிறகும், வழக்கமாக முடிச்சு விழும் இடத்திலிருந்து மூன்று விரல் தள்ளித்தான் கட்ட முடிந்தது. நான்கு மாதம் வாயு மாத்திரை சாப்பிட்டாள். ஸ்கேனில் சினைப்பைப் புற்றுநோய் தெரிந்தபோது மூன்றாவது ஸ்டேஜ்.

நான் லேபில் ரத்தம் எடுப்பவள். அதனால், "மெத்திலேஷன் டெஸ்ட் எடுத்தால் இதை முன்னாடியே கண்டுபிடிக்கலாமா?" என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள்.

டிஎன்ஏவின் மேல் மெத்தில் என்ற சின்ன ரசாயனக் குறிகள் ஒட்டியிருக்கும். எந்த மரபணு வேலை செய்யலாம், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. புற்றுசெல்லில் அவை தாறுமாறாகிவிடும். அந்தச் செல்கள் சாகும்போது ரத்தத்தில் கலக்கும் டிஎன்ஏ துணுக்குகளில்தான் இந்த டெஸ்ட் அதைத் தேடுகிறது. கட்டி சிறியதாக இருந்தால் துணுக்கும் குறைவு. ஆகவே நாம் பிடிக்க நினைக்கும் முதல் ஸ்டேஜையே இது தவறவிடக்கூடும்.

எடுப்பதென்றால் குழாயைப் பற்றிக் கேளுங்கள். சாதாரண ஊதா மூடிக் குழாயில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் வெள்ளணுக்கள் உடைந்து, அவற்றின் டிஎன்ஏவும் கலந்து, தேடும் துணுக்கை மூழ்கடித்துவிடும். வெளியூருக்கு அனுப்புவதென்றால் செல் உடையாமல் காக்கும் தனிக் குழாய் வேண்டும். எடுத்ததும் அதைக் குலுக்கக் கூடாது. மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பிரித்த பிளாஸ்மா வைக்கோல் நிறமாக இல்லாமல் சிவந்திருந்தால் மறுபடி கை நீட்டச் சொல்வேன்; அலுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் ரிசல்ட். 'இருக்கிறது' என்று வந்தால் ஸ்கேன் முதலான மேல் பரிசோதனைகளில் உறுதி செய்ய வேண்டும். 'இல்லை' என்று வந்தாலும் வயிற்று உப்பலை விட்டுவிடாதீர்கள். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்த ஆய்வில், சிஏ-125 என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையை ஆண்டுதோறும் செய்தபோது சிலருக்கு நோய் முன்னதாகவே தெரிந்தது. ஆனாலும் இறப்பு குறையவில்லை என்று 2021-இல் முடிவு வந்தது. மெத்திலேஷன் டெஸ்டும் அந்தப் படியைத் தாண்டியாக வேண்டும்.

அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இந்த நோய் வந்திருந்தால், முதலில் பிஆர்சிஏ மரபணு டெஸ்ட் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அது பிறவியிலேயே வந்த மாற்றத்தைப் பார்ப்பது, மெத்திலேஷன் டெஸ்ட் வேறு.

மற்றவர்கள் தினசரி காலண்டரில் குறித்து வாருங்கள்: உப்பல், நாலு வாயிலேயே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர். புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாளுக்கு மேல் வந்தால் அந்தத் தாள்களோடு டாக்டரிடம் போங்கள். வாயு மாத்திரை எழுதித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேனுக்கும் சிஏ-125-க்கும் சீட்டு கேட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள்.