எது பாவு, எது ஊடு: விதிகளுக்குள் புதுமை செய்வோர் விடும் தவறுகள்

அலுவலகத்தில் புதிதாக ஏதேனும் செய்ய விரும்புவோர் விடும் முதல் தவறு, தம்மைக் கட்டுப்படுத்தும் விதியைத் தாமே எடுத்து வாசிக்காமை. "சுற்றுநிருபத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்று முன்பிருந்தவர் சொல்லிச் சென்றதை நாமும் நம்பிவிடுகிறோம். கோவையைத் திறந்து பார்த்தால், யார் கையொப்பமிட வேண்டும், செலவுக்கு யார் அனுமதி தர வேண்டும் என்பன போன்ற சிலவே கட்டாயமாக இருக்கும். மிகுதி வெறும் பழக்கம்.

கிழக்கிலங்கையின் மருதமுனைக் கைத்தறியில் இந்த வேறுபாட்டைக் கண்ணாலே காணலாம். பாவு நூலை, இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்புப் போன்ற அச்சில் கோத்துத் தறியில் ஏற்றிய பின்னர், சாரத்தின் நீளவாட்டில் ஓடும் கோடுகளின் நிறத்தை மாற்ற இயலாது. ஆனால் குறுக்கே ஓடும் ஊடு நூலை எந்த நிறத்தில், எத்தனை இழைக்கு ஒருமுறை மாற்றுவது என்பது நெசவாளரின் கையில் இருக்கிறது. ஒரே பாவில் வெவ்வேறு சாரங்கள் பிறப்பது அதனால்தான்.

எல்லாவற்றையும் உடைப்பதே புதுமை என்று எண்ணுவதும் தவறு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுசென்றபோது, விடியவிடிய ஆடப்பட்டதைச் சுருக்கி, சுற்றிலும் மக்கள் அமர்ந்து பார்க்கும் வட்டக்களரியிலிருந்து முன்புறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு மாற்றினாரே தவிர, ஆட்டத்தையும் தாளக்கட்டையும் கைவிடவில்லை. வாய்மொழி அனுமதியை நம்பி வேலையைத் தொடங்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கணக்காய்வு வரும் நாளில் அது விளங்கிவிடும்.

நான் விட்ட தவறு, எல்லையைக் கடைசியில் கேட்டது. மாரிமழைக்கு முன்னர் டெங்குத் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தயாரிக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து நிறப்படங்களோடு வடிவமைத்து முடித்த பின்னரே, அச்சிடப் பணமில்லை, போட்டோப்பிரதிதான், அதுவும் ஒரே தாளில் தமிழும் சிங்களமும் வர வேண்டும் என்று அறிந்தேன். பிரதியெடுத்தபோது, நுளம்புக் குடம்பிகள் நெளியும் படம் கரி பூசிய சதுரமாக வெளிவந்தது. படங்களை எடுத்துவிட்டு, எருமைத் தயிர்ச்சட்டி ஒன்றைக் கோட்டுச் சித்திரமாக வரைந்தேன்: வேலியோரத்தில் வாய் மேலே பார்க்கக் கிடக்கும் சட்டி, விளிம்புவரை மழைநீர், நீருக்குள் மூன்று வளைகோடுகள். எங்கள் பக்கத்தில் அத்தகைய சட்டி கிடக்காத வளவு அரிது. படத்துக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கவில்லை. மிஞ்சிய இடத்தில் இரு மொழிகளும் நெருக்கமின்றி அமர்ந்தன.