குதிரைத்திறனை விடுங்கள், சிலிண்டர் எப்படிப் படுத்திருக்கிறது பாருங்கள்

ஸ்போர்ட்ஸ் கார் பற்றிப் படிக்கத் தொடங்கும் எல்லோரும் முதலில் குதிரைத்திறனைத்தான் தேடுகிறார்கள். ஆனால் வளைவில் கார் எப்படித் திரும்பும் என்பதை அந்த எண் சொல்லாது. எஞ்சினில் எரிபொருள் எரிந்து பிஸ்டன் என்ற உருளையைத் தள்ளும் குழாய்தான் சிலிண்டர், அதன் அமைப்பு சொல்லும். ஒரு தட்டு, நான்கு தண்ணீர் பாட்டில், தாள், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உயரம்

ஒவ்வொரு பாட்டிலும் ஒரு சிலிண்டர். பாட்டில்களைத் தட்டில் முன்பின்னாக ஒரே வரிசையில் நிறுத்துங்கள். இது இன்லைன்-ஃபோர். தட்டைச் சட்டென்று பக்கவாட்டில் இழுத்தால் பாட்டில்கள் சாயும். இப்போது இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, அடிப்பக்கங்கள் நடுவில் வரும்படி படுக்க வையுங்கள். இது பாக்ஸர். இழுத்தாலும் சாயாது, எடை கீழே இறங்கிவிட்டது. 2012-இல் வந்த டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரண்டும் இப்படி 2.0 லிட்டர் பாக்ஸர் எஞ்சினோடு வந்தவை. சுமார் 200 குதிரைத்திறன்தான், ஆனாலும் வளைவில் அவ்வளவு இனிமை. அகலமான எஞ்சின் என்பதால் ஸ்பார்க் பிளக் மாற்றுவது மட்டும் சிரமம்.

படி 2: நீளம்

காரைப் பக்கவாட்டில் வரைந்து முன் ஆக்ஸிலை, அதாவது முன்சக்கரங்களின் அச்சை, குறியுங்கள். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை என்றால் எஞ்சின் நீளும், மூக்கில் எடை கூடும். வி6-இல் சிலிண்டர்கள் மூன்று மூன்றாக வி வடிவில் நிற்கும், அதனால் குட்டையானது, பின்னால் தள்ளி வைப்பது எளிது. ஆனாலும் பிஎம்டபிள்யூ இன்லைன்-சிக்ஸை விடவில்லை. அதில் பிஸ்டன்களின் அதிர்வுகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். இன்லைன்-ஃபோரில் அப்படியில்லை, கிராங்க் (பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு முறை குலுங்கும்.

படி 3: இடம்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். 1963-இல் பிராங்க்பர்ட்டில் காட்டப்பட்ட போர்ஷே 911-இல் ஆறு சிலிண்டர் பாக்ஸர், பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் இருக்கிறது. வளைவைவிட்டு வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பின்சக்கரம் சாலையைக் கவ்விப் பிடிக்கும். நடு வளைவில் பயந்து காலை எடுத்தாலோ எடை முன்னால் ஓடும், பின் டயரின் பிடி தளரும், கனமான வால் வெளியே வீசும். போர்ஷேயின் முதல் தலைமுறை கேமனிலும் ஆறு சிலிண்டர் பாக்ஸர்தான். அதைப் பின் ஆக்ஸிலுக்கு முன்னால் வைத்ததால் கார் தன் நடுவைச் சுற்றிச் சட்டென்று திரும்புகிறது.

படி 4: வி8 என்றால் கிராங்கையும் பாருங்கள்

அமெரிக்க வி8-களில் பெரும்பாலும் குறுக்குத் தள கிராங்க், முன்னிருந்து பார்த்தால் அதன் கைகள் கூட்டல் குறிபோல் நிற்கும். கனமானது, ஆனால் அதிர்வு குறைவு. ஃபெராரி பாணியில் ஒரே தள கிராங்க், கைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும், இலேசானது. ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) சரசரவென ஏறும், அதிர்வும் கூடும்.

பயிற்சிக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐ வரையுங்கள். சாதாரண இன்லைன்-ஃபோர்தான். எஞ்சினை முன் ஆக்ஸிலுக்கு எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்று படம் பார்த்துக் குறியுங்கள்.